செம்மஞ்சள் மிதப்புடுப்பு

எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலை அடித்துப் பிரித்த ஒரு சின்ன அறை உண்டு. எங்களுடையதில் மகளின் பழைய சறுக்குக்கட்டைகள், பிடி உடைந்த இரண்டு பயணப்பெட்டிகள், பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பானை, இவற்றுக்கெல்லாம் பின்னால் ஓர் ஆணியில் ஓர் உடுப்பு தொங்குகிறது. கையும் காலும் ஒன்றாய்த் தைத்த தடித்த முழு உடுப்பு. விளக்கைப் போட்டவுடன் பார்த்தால் யாரோ தலையில்லாமல் நிற்பதுபோல இருக்கும். சின்ன வயதில் மகள் அதற்குப் பயந்து நிலவறைக்குத் தனியாக இறங்கமாட்டாள். ஒருகாலத்தில் கண்ணைக் குத்தும் செம்மஞ்சள். இப்போது வெளிறி, பழுத்த பப்பாளித் தோலின் நிறத்துக்கு வந்துவிட்டது. இதை எறியச் சொல்லி மகள் வருடத்துக்கு இரண்டு தரமாவது சொல்கிறாள். நானும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு எறியாமல் இருக்கிறேன்.

தண்ணீரில் விழுந்தால் ஆளை மிதக்க வைக்கிற உடுப்பு அது. உறைந்த ஏரியின் மேல் இருந்து மீன் பிடிக்கிறவர்கள் போடுவது. ஒரு உடுப்பு வாங்க ஒரு குடும்பம் இவ்வளவு பாடுபட்டதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எங்கள் கலியாணத்துக் கூறைச் சேலையைக்கூட அரை நாளில் எடுத்து முடித்தார்கள்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவில் புருசெத் பகுதியில் குடியேறி நாலு வருடம். நான் வீதி பராமரிக்கிற வேலையில் இருந்தேன். கோடையில் ஓரத்துப் புல்லை வெட்டவேண்டும், குளிர்காலத்தில் உப்பும் கல்லும் தூவவேண்டும். என்னோடு ஒரே வண்டியில் வேலை செய்தவன் என் வயதுடைய ஒரு நோர்வேஜியன். ஒரு நாளில் ஏழு சொல் கதைத்தானென்றால் அன்றைக்கு அவன் வீட்டில் ஏதோ விசேஷம் என்று அர்த்தம். ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை அந்த ஏழில் இரண்டைச் செலவழித்து, "மீன் பிடிப்பாயா?" என்று கேட்டான்.

மட்டக்களப்பானைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டான் என்று நினைத்தேன். நான் தண்ணீருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் என்று பெரிதாக அளந்தும் விட்டேன். உண்மையைச் சொன்னால் வாவியில் நான் பிடித்த மீனைக் கைவிரலில் எண்ணிவிடலாம். நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று வெட்டித் தள்ளிய மீனைத்தான் எண்ணமுடியாது. ஆனால் வாய் விட்ட பிறகு என்ன செய்வது? மறுநாள் அவனோடு போனேன்.

ஏரி முழுக்க வெள்ளை. அவன் ஒரு பெரிய துறப்பணத்தை ஊன்றிச் சுற்றிச் சுற்றித் துளை போட்டான். துளைக்குள் கறுப்பாகத் தண்ணீர் எழும்பி நின்றது. அதற்குள் ஒரு முழ நீளத் தூண்டிலை விட்டுக்கொண்டு கதிரை போட்டு இருக்கவேண்டியதுதான். அவ்வளவுதான் வேலை. சத்தமில்லை, ஆளில்லை, கைத்தொலைபேசி இல்லை. இடைக்கிடை எங்கோ தூரத்தில் ஐஸ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. முதுகில் முள் நிமிர்ந்த, உடம்பில் கோடு போட்ட ஐந்து மீன் அன்றைக்கு எனக்கு அகப்பட்டது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. இந்த நாட்டில் பதினாறு வருடமாக இருக்கிறேன், ஒரு இடத்தில் ஒன்றும் செய்யாமல் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மீனைக் கண்டதும் மனைவிக்கும் சந்தோஷம்தான். புளியாணம் வைக்கப்போகிறேன் என்று புளியைக் கரைக்கப் போட்டுவிட்டு, "எங்கை பிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். ஏரியில் என்றேன். "ஏரி உறைஞ்சு கிடக்குமே?" ஓம், அதற்கு மேலே இருந்துதான் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

இதை இங்கேயே சொல்லிவிடவேண்டும். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் அவளுடைய தம்பி போய்விட்டான். அவளுக்கு ஒரே தம்பி. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவன் வீடு. உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தண்ணீர்ப்பக்கம் போகமாட்டாள். கோடையில் எல்லாரும் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போகும்போது இவள் வீட்டில் நின்று சமைத்துக் கொடுத்தனுப்புவாள். கப்பலில் போகிற உல்லாசப் பயணம் என்றால் தலையிடி வந்துவிடும். அப்படிப்பட்டவளின் புருஷன் தண்ணீருக்கு மேலே கதிரை போட்டு இருந்துவிட்டு வந்திருக்கிறான்.

எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்தாரோடு பழகிப் பழகி எங்கள் இருவருக்கும் ‘இஞ்சை, அங்கை’ எல்லாம் வந்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு மட்டக்களப்பு வரும். அன்றைக்கு வந்தது.

"நீங்க இனி அங்க போகப்படாது. போனா மறுகா இந்தக் குசினியில மீன் என்ட பேச்சே இல்ல."

நான் பிடிவாதக்காரன். போவேன் என்றேன். அந்த வருடத்து ஐஸ் உருகி முடிந்தது, சண்டை உருகவில்லை. கோடை முழுக்க அது உள்ளுக்குள் கிடந்தது. ஓகஸ்ட் மாதம் கடைசியில் ஒருநாள் தானாகவே சொன்னாள். விழுந்தாலும் தாழாமல் இருக்கிறதுக்கு ஏதோ உடுப்பு இருக்கிறதாம், முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்கிறவள் சொன்னாளாம். "அதைப் போட்டாப் போங்கோ. இல்லாட்டி இல்லை."

அடுத்த நாள் வண்டிக்குள் நண்பனிடம் கேட்டேன். பின்னால் புல்வெட்டும் இயந்திரம் கடகடவென்று ஆட, அவன் அந்த உடுப்பின் பெயரை ஒரே ஒரு தரம் சொன்னான். இன்னொரு தரம் கேட்டால் அவனுடைய அன்றைய கணக்கு முடிந்துவிடும். நான் அதை ஒரு துண்டில் தமிழில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்: ‘ஃப்ளிட்டெ-ட்ரெஸ்’.

அந்தத் துண்டோடு வேலை உடுப்புக் கடை ஒன்றுக்குப் போனேன். விற்கிற பெண்பிள்ளை மிகவும் தன்மையானவள். ஃப்ளிட்டெ-ட்ரெஸ் ஒன்று வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்போது?" என்று கேட்டாள்.

"ஜனவரியில்," என்றேன். "ஏரி உறைந்தவுடன்."

"எங்கே?"

"ஏரிக்குத்தான்."

அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. "குடும்பத்தோடா?"

"இல்லை. மனைவிக்கு விருப்பமில்லை. நான் தனியாகத்தான்."

அவள் என் கையைப் பிடிக்காத குறை. உள்ளே போய், முழங்காலில் தடித்த துணி வைத்துத் தைத்த ஒரு நீல மேலுடுப்பைக் கொண்டுவந்து தந்தாள். அதோடு இரண்டு பெரிய வெறும் மட்டைப்பெட்டிகளையும் மடித்துக் கையில் தந்து, எல்லாம் நல்லபடி நடக்கும் என்றாள். என்ன நல்ல சனங்கள், மீன் பிடிக்கப் போகிறவனுக்கு மீன் வைக்கப் பெட்டியும் கொடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மகள்தான் துண்டை வாங்கிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இது குறில்! நெடில் போடோணும். ஃப்ளீ...ட்டெ. நீங்கள் எழுதினது வீடு மாறுறது. நீங்கள் வீடு மாறுற உடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த நாட்டு மொழியில் நீட்டிச் சொன்னால் மிதப்பது, குறுக்கிச் சொன்னால் சாமான் சட்டியோடு இடம் பெயர்வது. அந்தக் கடைப் பிள்ளை, என்னை மனைவி துரத்திவிட்டாள், நான் ஏரிக்கரையில் போய் இருக்கப்போகிறேன் என்று நினைத்து இரக்கப்பட்டிருக்கிறாள். குறுக்கிச் சொன்ன சொல்லின் பொருள் எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாறி மாறிப் போகிறோம்தானே, அதனால் அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். ஊரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து வடக்கே மீன் தொழிற்சாலை, அங்கிருந்து லில்லெஸ்ட்ரோமில் ஒரு வாடகை அறை, பிறகு புருசெத். இந்த நாட்டுக்குள் மாறிய ஒவ்வொரு தரமும் அந்தக் குறில் சொல் போட்ட படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள். காது தெரிந்த சொல்லைத்தான் பிடிக்கும். மிதப்பதற்கு என்ன சொல் என்று அதுவரை எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

மகள் சிரித்தது போக, மனைவியும் சிரித்தாள். குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடல் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்காக இன்னும் நாலு தரம் பிழையான உடுப்பு வாங்கிவரலாம் போலிருந்தது.

"நானும் வாறன்," என்றாள் மூச்சு வாங்க. "நீங்கள் தனியப் போனால் அடுத்த முறை கட்டில் அலுமாரியோடைதான் வருவியள்."

இப்படித்தான் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் மூன்று பேரும் லில்லெஸ்ட்ரோமுக்குப் போனோம். மீன்பிடிச் சாமான் கடை ஒன்று அங்கே நல்லது என்று நண்பன் சொல்லியிருந்தான். முன்பு நாங்கள் இருந்த வாடகை அறையின் தெருவால்தான் கார் போனது. அந்த யன்னலில் இப்போது வேறு யாருடையவோ பூச்சாடி இருந்தது. மகள் பிறந்து அந்த அறைக்குத்தான் கொண்டுவந்தோம். குளிருக்குப் பயந்து மூன்று நாள் ஒருவரும் வெளியே வராமல் சோறும் பருப்புமாகக் கிடந்ததை மனைவி மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல போர்வை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கடைக்காரர் தாடி வைத்த, நிதானமான மனிதர். முதலில் உடுப்பின் அளவைப் பார்ப்போம் என்றார். மனைவி உடனே என்னிடம், "ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ. உள்ளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போடலாம். பிறகு உங்களுக்கு வயிறு வைச்சாலும் காணும்," என்றாள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அளவான உடுப்பு வாங்கிய சரித்திரம் கிடையாது. மகள் மூன்றாம் வகுப்பில் போட்ட குளிர்ச்சட்டை ஐந்தாம் வகுப்பில்தான் அவளுக்கு அளவானது. மகள் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"பெரிதாக எடுத்தால், விழும்போது உடுப்பு மேலே வரும், ஆள் உள்ளே கீழே போவார்."

மனைவி உடனே, "அளவானதையே எடுங்கோ," என்றாள்.

ஒன்றைப் போட்டுக்கொண்டு குந்தச் சொன்னார். குந்தி இருந்துதான் துளையைப் பார்க்கவேண்டும், அப்போது தோளும் தொடையும் இறுக்கக்கூடாதாம். நான் குதிக்கால் நிலத்தில் பட நன்றாகக் குந்தினேன். குந்தினபடியே இருந்தேன். தன்னுடைய வாடிக்கையாளர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குந்துவார்கள் என்று கடைக்காரர் அதிசயப்பட்டார். நான் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். "இதுக்குமா பெருமை? எழும்புங்கோ," என்றாள்.

சண்டை நிறத்தில்தான் வந்தது. என் அளவில் கருநீலமும் இருந்தது, செம்மஞ்சளும் இருந்தது. நான் நீலத்தை எடுத்தேன். நண்பனுடையதும் நீலம். அவள் செம்மஞ்சளைக் காட்டினாள்.

"வேலையில கிழமைக்கு ஐஞ்சு நாள் இந்த நிறத்துக்குள்ளதான் நிக்கிறன். சனிக்கிழமையுமா? நான் என்ன, வீதியில வைக்கிற கூம்பா?"

"ஓம், கூம்புதான். தூரத்தில இருந்து தெரியோணும்."

"எப்பவும் அழுக்குத் தெரியாத நிறம் எடுங்கோ எண்டு சொல்லுறது நீதானே!"

அது வெறும் வாதத்துக்குச் சொன்னதல்ல. எங்கள் வீட்டுச் சோபா கோப்பி நிறம், யன்னல் சீலை கோப்பி நிறம், என் மேலங்கிகள் எல்லாம் கறுப்பு. ஊருக்கு அனுப்பும் பொதியிலும் அப்படித்தான். தம்பி இருந்தபோது அவனுக்குச் சட்டை எடுக்கிறதென்றால் ஒரு மணித்தியாலம் கடையில் நின்று, மண்ணிறத்திலும் சாம்பல் நிறத்திலும் தெரிவுசெய்து மடித்து வைப்பாள். வயலுக்கும் கடற்கரைக்கும் போகிறவன், அழுக்குத் தெரியாது என்பாள்.

"இது வேற," என்றாள்.

"என்ன வேற?"

"வேறதான்."

எனக்கு ஏறிவிட்டது. கடை என்றும் பார்க்காமல் தமிழில் நல்ல சத்தமாகக் கத்தினேன். கடைக்காரர் அந்தப் பக்கம் போய்த் தூண்டில் முட்களை அடுக்கத் தொடங்கினார். மகள் எங்களைத் தெரியாதவள்போல ஒரு வலையின் பின்னால் நின்றாள். மனைவி என்னை விட்டுவிட்டு நேரே கடைக்காரரிடம் போய், தன்னுடைய முதியோர் இல்ல நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக வைத்துக் கேட்டாள்.

"இவர் கையும் காலும் ஆட்டாமல் இருந்தாலும் மிதப்பாரா?"

"மிதப்பார்."

"முகம் மேலே இருக்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அந்த மனிதரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். "அநேகமாக இருக்கும். ஆனால் இது உயிர்காப்பு அங்கி அல்ல. உறுதி சொல்லமுடியாது. ஐஸ் வருவதற்கு முன் ஒருநாள் கரையோரத்தில், ஆழமில்லாத இடத்தில் போட்டு இறங்கிப் பாருங்கள்," என்றார்.

செம்மஞ்சளே பொதியப்பட்டது. கூடவே, ஐஸ் உடைந்து விழுந்தால் விளிம்பில் குத்திப் பிடித்து ஏறுவதற்கு, ஆணி வைத்த இரண்டு கட்டைகளையும் தந்தார். அவற்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளவேண்டும். சரியாகத் தொங்குகிறதா என்று பார்க்க மனைவியே அதை என் கழுத்தில் போட்டாள். நான் தலையைக் குனிந்து, "மூண்டு முடிச்சும் போட்டுவிடு," என்றேன். கோபமாக இருக்கவேண்டியவள் சிரித்துவிட்டாள். எங்கள் கலியாணத்தில் நான் கட்டியபோது அவள் அழுதவள். கணக்கு இப்போது சரி.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளை ரொம்மனில் ஒரு சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் புருசெத்துக்குப் பின்னாலுள்ள காட்டு ஏரிக்குப் போனோம். அவள் தண்ணீரைக் கண்ணால் காண வந்ததே பெரிய விஷயம். கரையோரம் கண்ணாடிபோல மெல்லிய ஐஸ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் ஒரு பாறையில் துவாயும் தேநீர்ப் போத்தலுமாக நின்றாள். நான் உடுப்பைப் பூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் மட்டும் நடந்து போய், திரும்பி, மெதுவாகப் பின்னால் சாய்ந்தேன்.

மிதந்தேன். உடுப்பு என்னைக் கையில் ஏந்தியது. மணிக்கட்டாலும் கழுத்தாலும் கொஞ்சம் குளிர்நீர் உள்ளே வந்தது, பிறகு நின்றது. காதுக்குள் தண்ணீர் நிறைந்து உலகம் அமைதியானது. மேலே சாம்பல் வானம், ஓரத்தில் தேவதாரு மர நுனிகள். கடைசியாக இப்படி மல்லாந்து கிடந்தபோது எனக்குப் பதினேழு வயது. நான் மிதக்க மறந்துபோகவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆனந்தம். அந்த ஆனந்தத்தில்தான் புத்தி கெட்டது.

கரையிலிருந்து, "இஞ்சருங்கோ, காணும், எழும்புங்கோ," என்று மங்கலாகக் கேட்டது.

ஒரு பகிடி விடலாம் என்று நினைத்தேன். கையையும் காலையும் விரித்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். கடையில்தானே கேட்டாய், அசையாமல் இருந்தால் மிதப்பாரா என்று. இந்தா, பார்த்துக்கொள்.

"இஞ்சருங்கோ."

நான் பேசவில்லை.

"இஞ்சருங்கோ!"

உள்ளுக்குள் சிரிப்பை அடக்குவதுதான் பாடாக இருந்தது. நாலாவது தரம் அவள் கூப்பிட்டது என் பெயரை.

கலியாணம் கட்டிப் பதின்மூன்று வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. அலுவலகங்களில் கேட்டாலும் அடையாள அட்டையை நீட்டுவாளே தவிர வாயால் சொல்லமாட்டாள். அந்தப் பெயர் அவள் குரலில் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நான் கண்ணைத் திறக்க முன்பே தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. மேலங்கியோடும் குளிர்காலச் சப்பாத்தோடும், மெல்லிய ஐஸை உடைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தாள். பிடரிப் பக்கத்துத் துணியைக் கொத்தாகப் பிடித்து என்னைக் கரைக்கு இழுக்கத் தொடங்கினாள்.

"நான் சும்மா... பகிடிக்குப் புள்ள..." என்றேன். அவள் விடவில்லை. நான் காலை ஊன்றி எழும்பப் பார்த்தேன், அதற்கும் விடவில்லை. கரைக் கல்லில் என் முதுகு உரசும்வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் கையை எடுத்தாள். பிறகு துவாயை எடுத்து, நடுங்கிக்கொண்டு, தான் நனைந்ததைப் பாராமல் என் தலையைத் துடைத்தாள்.

என் வாழ்க்கையில் பல முட்டாள்தனம் செய்திருக்கிறேன். இதுபோல வெட்கப்பட்டதில்லை.

காருக்குள் சூட்டை முழுதாகப் போட்டு, அவள் சப்பாத்தைக் கழற்றி, என் ஸ்வெட்டரால் காலைச் சுற்றிவிட்டேன். அவள் பல் அடித்துக்கொண்டிருந்தது. ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசினால் நல்லது என்றிருந்தது. ஏசவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகக் கதைத்தாள்.

"அண்டைக்குத் தம்பிக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தனான். மூண்டு நாள். அட்டை முடிய முடிய வாங்கி எடுத்தனான். கூப்பிட்டா அவன் பேசோணும்தானே?"

நான் ஓம் என்றேன்.

"நாலாம் நாள் மாமா எடுத்தார். என்ன நிறச் சட்டை போட்டிருந்தவன் எண்டு தெரியுமா புள்ள, சட்டையைப் பாத்துத்தான் ஆக்களை அடையாளம் காணுறாங்க எண்டார். அவன்ட சட்டை எல்லாம் நான் அனுப்பினதுதான். எல்லாம் மண் நிறம். எல்லாம் அழுக்குத் தெரியாத நிறம். மண்ணோட மண்ணாக் கிடந்தா மறுகா ஆருக்குத் தெரியும்?"

இரண்டு வருடமாக அவள் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் படுக்கிற எனக்கும் தெரியாது. கடையில் நான் கத்திய கத்தல் எல்லாம் அப்போது திரும்பி வந்து என் கன்னத்தில் விழுந்தது. உன்னுடைய பிழை இல்லை என்று சொன்னேன். அது எவருக்கும் உதவாத வார்த்தை என்று சொல்லும்போதே தெரிந்தது. பிறகு அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஏரிக்குப் போகவில்லை என்று அன்றைக்கு நானாகவே சொன்னேன். மனதாரச் சொன்னேன். அவள்தான் வேண்டாம் என்றாள். "போங்கோ. உடுப்பு மிதக்குது, பாத்திட்டன். ஆனா நான் கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லோணும். உடனே சொல்லோணும்."

அந்த ஜனவரியில் ஏரி நன்றாக உறைந்ததும் போனோம். நண்பனும் நானும் ஐஸில், அவள் கரையில், மடக்குக் கதிரையில் இரண்டு கம்பளிக்குள். கரையிலிருந்து பார்த்தால் நண்பன் ஒரு மரக்குற்றியோ பாறையோ என்று தெரியாதாம், நான் மட்டும் நெருப்புப் பற்றினதுபோலத் தெரிந்தேனாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குரல் வரும்.

"இஞ்சருங்கோ!"

"ஓம்!"

"இஞ்சருங்கோ!"

"ஓம்!"

ஒரு மணித்தியாலம் இப்படிப் போனது. நண்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இது மீனை வரவைக்கிற மந்திரமா என்று கேட்டான். அவனுடைய தங்கை யோகா வகுப்புக்குப் போகிறவளாம், அங்கேயும் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வார்களாம். எங்கள் ஊரில் அதற்கு ‘ஆம்’ என்றுதான் அர்த்தம், மனைவி கூப்பிட்டால் சொல்வது என்றேன். அவன் தூண்டிலை இரண்டு தரம் ஆட்டினான். நல்ல மந்திரம்தான், தானும் இருபது வருடமாக வீட்டில் இதைத்தான் சொல்லி வருவதாகச் சொன்னான். நான் அவனிடம் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

மத்தியானம் திரும்பும் நேரம் மீன் கொத்தத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், வெகு நேரமாகக் குரல் வரவில்லை. மீனைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தேன்.

அவள் கதிரையில்தான் இருந்தாள். மடியில் போத்தலை வைத்து, மூடிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தாள். ஒரு நாயோடு போன யாரோ கிழவிக்குத் தலையசைத்தாள். என் பக்கம் பார்க்கவேயில்லை. தண்ணீரையும் அதன் மேல் என்னையும் ஒன்றாக வைத்துவிட்டு, அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தாள்.

நான் மீனைக் கீழே போட்டுவிட்டு, ஆணிக்கட்டைகள் கழுத்தில் ஆட எழுந்து நின்று, அவள் கூப்பிடாமலேயே கத்தினேன்.

"ஓம்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடியை உயர்த்திக் காட்டினாள்.

"கேக்குது," என்றாள். "மீனைப் பாருங்கோ."